ஐந்தாம் மாடிக் கதவு

லிஃப்ட் ஆய்வாளராக இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். லஞ்சத்துக்குக் கை நீட்டாத மனுஷன், ஒரு நாளும் பிரார்த்தனை தவறாதவர் என்று நல்ல பெயர். தொழிற்கல்லூரியில் ஆசிரியராக இருந்த மைத்துனன் அதனால்தான் அவரை விடாமல் நச்சரித்தான்.

"பொறுப்புங்கிறது ஆண்டவன் கொடுத்த வேலைன்னு நீங்க வந்து சொல்லுங்க மாமா. நாங்க சொன்னா பசங்க காதுல ஏறாது."

இரண்டு தடவை தட்டிக்கழித்தார். மூன்றாவது தடவை மனைவி குறுக்கிட்டாள். "போய்ட்டுத்தான் வாங்களேன். செவுத்தையே எத்தனை நாள் பாத்துக்கிட்டிருப்பீங்க?"

மழை பிடித்த மதியம். சாப்பாட்டு மயக்கத்தில் பாதி அரங்கம் சாமியாடிக்கொண்டிருந்தது. "தூங்கறவங்க தாராளமா தூங்கலாம். குறட்டை மட்டும் வேண்டாம், எனக்குப் பேச்சு மறந்துடும்" என்றார். சிரித்தார்கள். அதற்குப் பிறகு பேச்சு தானாக ஓடியது. ஒரு நட்டை ஒழுங்காக முடுக்குவதும் பிரார்த்தனைதான், மேலதிகாரி பார்க்காவிட்டாலும் மேலே இருப்பவன் பார்க்கிறான் என்றெல்லாம் சொன்னார். மைத்துனன் முகத்தில் பெருமை வழிந்தது.

முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, நீங்க ஒரு வேலையையாவது பாதியில விட்டதுண்டா?"

சும்மாதான் கேட்டாள். 'இல்லை' என்பது அவர் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"உண்டும்மா. ஒரு ஆறு மாடி ஆபீஸ். லிஃப்ட் வந்து நின்னாத்தான் கதவு திறக்கணும், அதுக்கு மாடிக்கு மாடி ஒரு பூட்டு இருக்கும். நாலு மாடி பாத்துட்டேன். பிரார்த்தனைக்கு நேரமாச்சு. மீதி ரெண்டும் சரியாத்தான் இருக்கும்னு கையெழுத்து போட்டுட்டுக் கெளம்பிட்டேன். பதினோராம் நாள், அங்க கூட்டிப் பெருக்கற பொண்ணு அஞ்சாம் மாடியில கதவை இழுத்திருக்கு. திறந்துக்கிச்சு. உள்ள லிஃப்ட் இல்ல."

தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"விசாரணையில அந்தப் பொண்ணோட கவனக்குறைவுன்னு எழுதினாங்க. நான் வாயே தெறக்கல."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்போ உங்க ஆண்டவன் எங்க போயிருந்தாரு?"

"எங்கயும் போகலப்பா. அந்த அஞ்சாம் மாடியிலதான் இருந்திருப்பார். நான்தான் அவரைத் தேடிக்கிட்டு வேற எடத்துக்குப் போயிட்டேன்."

யாரும் கைதட்டவில்லை. "நல்லதா நாலு வார்த்தை கேட்டா, மானத்தை வாங்கிட்டீங்களே மாமா" என்று தாழ்வாரத்தில் பொருமிய மைத்துனன், வாசல்வரைகூட வரவில்லை.

வீட்டில் மனைவியிடமும் சொன்னார். "அந்தப் பொண்ணோட அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள் அவள்.

தலையை ஆட்டினார், இல்லையென்று.

"முகம் தெரியாத பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டு வந்திருக்கீங்க. சொல்ல வேண்டிய எடம் அதுவா?"

மறுநாள் காலையில், நடந்ததை நடந்தபடி எழுதிப் பழைய அலுவலகத்தில் கொடுத்தார். வாங்கிக்கொண்ட குமாஸ்தா, "முடிஞ்சுபோனதை எதுக்கு சார் கிளர்றீங்க?" என்றான். அங்கேயே முகவரியை விசாரித்துக்கொண்டு நேராக அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை. அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து, தைக்கக் கொடுத்த துணிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே சொல்லி முடித்தார். மன்னிப்புக் கேட்க வாய் எழவில்லை.

அவள் அழவில்லை. கையிலிருந்த துணியை மடியிலேயே போட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.

"மூணு வருஷமா அவளைத்தான்யா திட்டிக்கிட்டிருக்கேன். கண்ணைப் பொடனியில வச்சிக்கிட்டுப் போனியாடின்னு தெனமும் திட்டறேன். செத்தவளைப் போய்..."

மேலே பேச முடியாமல் எழுந்து வந்தாள். அவர் படியில் இறங்கி நின்றார். கதவை அவள் அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். உள்ளே, இல்லாத மகளைக் கூப்பிட்டு அவள் ஏதோ சொல்வது கேட்டது. அதைக் கேட்கத் தனக்கு உரிமையில்லை என்று பட்டது அவருக்கு. மழையில் இறங்கி நடந்தார்.