பெரிய நாற்காலிகளின் சங்கம்

மைசூர் அரசுப் பள்ளிகளில் மாலை வேளையில் முதியோர் கல்வி நடத்தும் ஆசிரியர்களின் சங்கம் எங்களுடையது. வெள்ளி விழாவில் அதன் வரலாற்றை எழுதி வாசிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முடிவெடுத்த கூட்டத்துக்கு நான் போகாததுதான் காரணம். தொலைநோக்கு, தியாகம், அணையா விளக்கு என்று ஒன்றையும் விடாமல் எழுதியிருந்தேன்.

விழா ஹெப்பாள் பள்ளியில், எங்கள் வகுப்பு நடக்கும் ஒன்றாம் வகுப்பு அறையில். எங்கள் வகுப்புக்கே அன்று கண்டம். பின்பக்கம் அடுக்கிய எங்கள் பெரிய நாற்காலிகள் பிள்ளைகளின் இடத்தை அடைக்கின்றன என்று புகார். வகுப்பை விஜயநகர்ப் பள்ளிக்கு மாற்றலாமா என்று பார்க்கக் கல்வி அதிகாரி சௌம்யா வருகிறார். மாற்றினால், பக்கத்து ஃபேக்டரிகளில் வேலை முடிந்து வருகிறவர்கள் அவ்வளவு தூரம் போகாமல் படிப்பை விட்டுவிடுவார்கள்.

"வரலாற்றை வாசிச்சே மேடத்தைக் கரைச்சிடுங்க சார்," என்றார் சங்கத் தலைவர் ஜோவிதா.

"கரையலேன்னா தூங்கிடுவாங்க மிஸ். ரெண்டுமே நமக்கு நல்லதுதான்."

தன்னம்பிக்கையில் எனக்கு என்றுமே குறைவில்லை. குரூப் போட்டோவுக்காக எல்லா நாற்காலிகளையும் மைதானத்தில் வரிசையாகப் போட்டுவைத்தேன். அதிகாரியோ நேராக அறைக்குள் போய்விட்டார். உள்ளே ஒன்றாம் வகுப்புப் பெஞ்சுகள் மட்டும். யோசிக்காமல் "உக்காருங்க மேடம்" என்றது நான்தான். உட்கார்ந்தார். முழங்கால்கள் டெஸ்க்குக்கு அடியில் போயின, திரும்பி வரவில்லை.

கேன்டீன் வேலை முடித்து வந்திருந்த எங்கள் மாணவி, தமிழக எல்லையோர ஹனூரைச் சேர்ந்த லிங்கம்மா, சிரித்துவிட்டார். "இழுக்காதீங்க அம்மணி. நானு ஒருக்கா நாற்காலி பத்தாம இதுல உக்காந்து சீலை கிழிஞ்சு போச்சுங்க."

ஹனூருக்குப் பக்கத்து ஊரான கொள்ளேகால்காரர் என்பதால் அதிகாரிக்கு அந்தத் தமிழ் புரிந்தது. "ஆரம்பத்துல எல்லாரும் இப்படித்தான் உக்காந்தாங்களா?"

கையிலிருந்த வரலாற்றை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"ஆமா மேடம். மொத வருஷம் பெரியவங்க வந்தாங்க, இதுல உக்காந்தாங்க, மறுநாள் வரல. பாடம் புரியலைபோலன்னு நாங்க பாடத்தை மாத்தினோம். அப்பவும் வரல. படிக்க வந்த எடத்துல முட்டி வலிக்குதுன்னு சொல்ல அவங்களுக்குக் கூச்சம். கடைசில ஒரு வாத்தியாரே இதுல மாட்டிக்கிட்டார். பெரிய நாற்காலி கேக்கத்தான் சங்கமே ஆரம்பிச்சோம்."

"யார் அந்த வாத்தியார்?"

"இப்ப வரலாறு எழுதறவர் மேடம்."

ஜோவிதாவும் லிங்கம்மாவும் டெஸ்க்கைத் தூக்கிப் பிடிக்க, அதிகாரி பெஞ்சிலிருந்து வெளியே வந்தார். முட்டியைத் தடவியபடி ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தார்.

"அதெல்லாம் உள்ள கொண்டு வாங்க. பிள்ளைங்களுக்கு எடம் விடற மாதிரி மடக்கு நாற்காலிக்கு நான் எழுதறேன். வகுப்பு இங்கேயே நடக்கட்டும்."

லிங்கம்மா அதற்குள் இரண்டு நாற்காலிகளோடு வாசலில் நின்றார்.

"வரலாத்த எப்பங்க சார் படிப்பீங்க?"

"படிச்சாச்சு லிங்கம்மா."

"அவ்வளவுதானுங்களா? பொழைச்சோம்," என்று நாற்காலியை எனக்கே போட்டார்.