எல்மருக்குப் பக்கத்து இடம்

இறந்தவர்களுக்குப் பெட்டியும் சிமெண்டுத் தொட்டியும் வேண்டாம், துணியில் சுற்றி வெறும் மண்ணில் புதைக்கலாம் என்று அமெரிக்காவின் வெர்மான்ட் மலையூர்க் கூட்டத்தில் வருஷக்கணக்காக மல்லுக்கட்டி ஜெயித்த எல்மர், அடுத்த மாதமே கண்ணை மூடினார். முதல் குழி அவருக்கே! ஊரே மண்வெட்டியோடு திரண்டது. அவர் மனைவி வெர்னாவுக்குத் துக்கத்தையும் மீறிய பரபரப்பு.

அந்தத் திட்டத்தைக் கடைசிவரை எதிர்த்து நின்ற பக்கத்துப் பண்ணைக்காரர் ஓரின் என்பவரும் வந்தார்.

"தள்ளுங்கய்யா! அவன் நெட்டையன், இது பத்தாது." குழிக்குள் இறங்கி, அளவு பார்க்க மல்லாந்து படுத்தார்.

படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, என்னாச்சு?" வெர்னா பதறினாள்.

"ஒண்ணுமில்லம்மா. மண்ணு மெத்துனு இருக்கு. பக்கத்து இடத்தை எனக்குப் பிடிச்சு வையி."

வெர்னா குலுங்கிச் சிரித்தாள்.

"ஒரு பக்கம் எனக்கு, மறுபக்கம் நீங்க எடுத்துக்குங்க. ஆனா அவரு குறட்டை விடுவாரு, இப்பவே சொல்லிட்டேன்!"