நூற்று எழுபது

பாளையங்கோட்டைக்கு பிரவுசிங் சென்டர் வந்த வருடம் அது. கல்லூரி விட்டதும் நானும் ரீபாவும் அங்கே ஓடி, ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்துகொள்வோம். நாங்கள் கண்டுபிடித்த விளையாட்டில் படமே கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் மட்டும்தான். 'எதிரே ஒரு கோட்டை' என்று வரும். கோட்டையை நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பு நாவல்களிலேயே குடியிருந்த எனக்கு அது போதுமாக இருந்தது.

பெயர் கேட்டது. 'கொற்கை' என்றேன். அடுத்து உயரம். ஒருமுறை கொடுத்தால் மாற்ற முடியாது என்ற எச்சரிக்கையும் வந்தது.

பள்ளியில் பிரேயர் வரிசையின் முதல் ஆள் எப்போதும் நான்தான். குறுக்குத்துறையில் குளிக்கப் போனால் மற்றவர்கள் ஆற்றுக்குள் நடந்து நடுப்பாறைக்குப் போவார்கள். எனக்குத் தண்ணீர் மூக்குக்கு மேல் போகும் என்பதால் துணிகளுக்கு நான் காவல். இங்கேயாவது கூட்டத்தோடு போக வேண்டும்.

"ரொம்ப ஆசப்படாதட்டி சித்ரா. அளவாக் கூட்டிக்கோ," என்றாள் ரீபா.

பள்ளியில் எங்களைச் சுவரோரம் நிறுத்தி சென்டிமீட்டரில்தான் அளப்பார்கள். நான் நூற்று நாற்பத்தேழு. அளவாகத்தான் கூட்டினேன்: 170.

விளையாட்டு அதை அங்குலமாக எடுத்துக்கொண்டது.

'பதினான்கு அடி உயரக் கொற்கை சத்திரத்து வாசலில் நிற்கிறாள். வாசல் சிறியது.'

"ஏட்டி, கரண்டு கம்பத்துக்குல்லா சடை போட்டு விட்டிருக்க!" ரீபா சிரித்ததில் நான் நாற்காலியிலிருந்து விழப் பார்த்தேன்.

சத்திரத்துக்குள்ளே, எங்களைப் போலவே இணையத்தில் விளையாட வந்த எந்தெந்த நாட்டுக்காரர்களோ பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்தேன். தவழ்ந்தேன். 'கொற்கையின் தோள் கதவில் சிக்கிக்கொண்டது.' குள்ளமாக இருந்தாலும் வெளியே, நெட்டையாக இருந்தாலும் வெளியே. கண் கலங்கிவிட்டது.

"அழாதட்டி. பின்னாலயே போ. எங்கன போறாங்கன்னு பாப்போம்."

போனேன். ஆற்றங்கரையில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். வெள்ளம் பாலத்தை அடித்துப் போயிருந்தது. ஆழம் பத்து அடி என்றது திரை.

ரீபா என் தொடையில் கிள்ளினாள். நான் தட்டினேன்: 'தோளில் ஏறுங்கள்.'

மந்திரவாதி ஏறினான், வில்லாளி ஏறினாள், கோடரி வைத்திருந்த அமெரிக்கக் குள்ளன் என் தலையிலேயே ஏறிக்கொண்டான். தண்ணீர் எனக்கு மார்பளவுதான். நடு ஆற்றில் வேண்டுமென்றே கொஞ்சம் நின்றேன்.

அக்கரையில் இறங்கியதும் குள்ளன் கேட்டான்: 'நிஜத்தில் உன் உயரம் என்ன?'

பழக்கத்தில் 147 என்று தட்டிவிட்டேன்.

அவனுக்கும் அங்குலக் கணக்குதான். 'பன்னிரண்டு அடியா? உங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தானா?'

விளக்கம் சொல்லப் போன என் கையை ரீபா எட்டிப் பிடித்தாள். "பைய, பைய. உள்ளத மட்டும் சொல்லு."

உள்ளதைத்தான் சொன்னேன்.

'இல்லை. இங்கே நான்தான் குள்ளம்.'