நாலாவது பிளாட்பாரத்து ஊர்

வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போவதாகச் சொன்னபோது மைக் அக்காவுக்கு ஒரு தடவை தூக்கிவாரிப் போட்டது. விலையைச் சொன்னபோது இன்னொரு தடவை. "நீங்களே வாங்கிக்கறதா இருந்தா முதல்ல உங்களுக்குத்தான்" என்று பெரிய மனசு பண்ணி வேறு சொன்னார். பத்தொன்பது வருஷமாக வாடகை கொடுத்துக் குடியிருக்கும் வீடு. குளியலறைக் கதவைச் சாத்தினால் திறக்க வராது, திறந்தால் சாத்த வராது. அதற்கு அந்த விலை. மைக் அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. வாயை வைத்துப் பிழைக்கிறவளுக்கே பேச்சு நின்றுபோனது என்றால் விலை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாயை வைத்துத்தான் அவள் பிழைத்தாள். பெரிய பேருந்து நிலையத்தில் விசாரணைக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எந்தப் பிளாட்பாரத்தில் நிற்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று மைக்கில் சொல்கிற வேலை. இருபத்தாறு வருஷமாக அதே கூண்டு, அதே சுழல் நாற்காலி. எதையும் இரண்டு தடவை சொல்லவேண்டும் என்பது அங்கே விதி. முதல் தடவை சொல்வது யார் காதிலும் விழாது என்பது நிர்வாகம் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். அந்தப் பழக்கம் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. "சாப்பிட வாங்க, சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவாள். "சோறு எத்தனாவது பிளாட்பாரத்துல நிக்குதுக்கா?" என்று தம்பி கேட்பான். எட்டு வருஷமாக அதே கிண்டல்தான், எட்டு வருஷமாக அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

வீட்டில் மூன்று பேர். அவள், தம்பி, தம்பி பொண்டாட்டி. தம்பி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்க்கிறவன். அவன் பொண்டாட்டி அதே கடையின் முன்பக்கம், வருகிறவர்களுக்கு ஃபிரேம் மாட்டிப் பார்க்கிறவள். ஆளைப் பார்க்கமாட்டாள், மூக்கைத்தான் பார்ப்பாள். மூக்கைப் பார்த்தே எந்த ஃபிரேம் நிற்கும், எது வழுக்கும் என்று சொல்லிவிடுவாள். கெட்டிக்காரி, கெட்ட மனசு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் அவள்மேல் பாய வேண்டாம்.

அன்றைக்குச் சாயங்காலம் மூவரும் சமையலறையில் நின்றபடியே பேசினார்கள்.

"இந்த ஊர்ல வாடகைக்குக்கூட இனிமே கட்டுப்படியாகாது" என்றான் தம்பி. "ஏதாவது சின்ன ஊரா பாத்து வீடு வாங்கிட்டுப் போயிட வேண்டியதுதான். கண்ணாடிக் கடையே இல்லாத ஊரா இருந்தா முன் ரூம்லயே கடை போட்டுடலாம்."

"நல்லா ஓடும்" என்றாள் அவன் பொண்டாட்டி.

"பாத்துடலாம், பாத்துடலாம்" என்றாள் மைக் அக்கா. "வீட்டுக்கு ஆகறத நான் பாத்துக்கறேன். நீங்க லென்ஸ் தேய்க்கற மெஷினுக்குப் பாருங்க."

கவனித்தீர்களா? பாத்துடலாம், போட்டுடலாம், போயிட வேண்டியதுதான். யார் போவது, யார் இருப்பது என்று ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. நம் பேச்சில் அது ஒரு சௌகரியம். ஆளைச் சொல்லாமலே காரியத்தைச் சொல்லிவிடலாம். அந்தச் சௌகரியம்தான் மூன்று மாசம் கழித்து அவள் தலையில் விடிந்தது.

ஊரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவள் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எந்த ஊருக்கும் அவள் போனதில்லை, ஆனால் எல்லா ஊர்க்காரர்களையும் தெரியும். கூண்டின் சிறிய வட்டத் துவாரத்துக்கு அந்தப் பக்கம் நின்று அவர்கள் கேட்கிற கேள்வியிலேயே ஊரின் யோக்கியதை தெரிந்துவிடும் என்பாள். இரண்டாவது பிளாட்பாரத்து ஊர்க்காரர்கள் பஸ் கால் மணி தாமதமானால் கண்ணாடியைத் தட்டுவார்கள். ஏழாவது பிளாட்பாரத்து ஊரில் எல்லாருக்கும் பொறுமை உண்டு, ஆனால் ஒருத்தரும் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார்கள். பதினோராவது பிளாட்பாரத்து ஊரின் கடைசி பஸ் எட்டு மணிக்கே போய்விடும். உடம்புக்கு ஒன்று வந்தால் அங்கே என்ன செய்வது? நோட்டில் ஆறு ஊர் எழுதி, ஒவ்வொன்றாக அடித்தாள். தம்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை பாக்கற மாதிரி பாக்கற" என்றான்.

கடைசியில் நாலாவது பிளாட்பாரத்து ஊர் நின்றது. மூன்று மணி நேரப் பயணம். நல்ல ஆஸ்பத்திரி உண்டு, பத்து மணிக்குக் கடைசி பஸ் உண்டு. எல்லாவற்றையும்விட, அந்த ஊர்க்காரர்கள் விவரம் கேட்டுக்கொண்டு போனபிறகு ஐந்தடி தள்ளிப்போய்த் திரும்பிப் பார்த்துத் தலையை ஒரு அசைப்பு அசைப்பார்கள். இருபத்தாறு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த மரியாதை மொத்தமும் அந்த ஒரு பிளாட்பாரத்திலிருந்து வந்ததுதான். சிரிக்காதீர்கள், கூண்டுக்குள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

அங்கே மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர் மகளோடு போய் இருக்கப்போகிறார், மூன்று அறை வீட்டை விற்கிறார் என்று தெரிந்தது. போன் பண்ணி விலை கேட்டாள். அவர் சொன்னது நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. "என்ன சொன்னீங்க, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். அவர் இன்னொரு தடவை அதையே சொன்னார். இங்கே அந்தப் பணத்துக்கு அந்தக் கெட்டுப்போன குளியலறையையும் அதன் கதவையும் வேண்டுமானால் தருவார்கள்.

அந்த வாரம் அவள் ஒரு காரியம் செய்தாள். வேலையிலிருந்து விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்தாள். இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருந்தது. இப்போதே விட்டால் வருகிற பணத்தில் வீட்டை வாங்கிவிடலாம், மிச்சமும் இருக்கும், மாசம் பென்ஷனும் வரும். மேலதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார், மாசக் கடைசியோடு சரி. வீட்டில் அவள் மூச்சு விடவில்லை. புது வீட்டில் போய் நின்று சொல்லவேண்டும், இரண்டு பேரும் வாயைப் பிளக்கவேண்டும் என்று ஆசை. அதை நினைத்து நினைத்துத் தானாகவே சிரித்துக்கொள்வாள். சேமநிதியில் கடன் எடுக்கிறாள் என்று அவர்கள் பாட்டுக்கு நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் நாலாவது பிளாட்பாரத்தில் பஸ் ஏறினார்கள்.

வீடு சொன்னபடியே இருந்தது. தெருவைப் பார்த்த முன் அறை, நடுவில் ஒரு கூடமும் படுக்கையறையும், பின்னால் இன்னொரு அறை. மருந்துக்கடைக்காரர் ஜன்னல்களையெல்லாம் திறந்து விட்டுவிட்டு, "நிதானமா பாருங்க" என்று வெளியே போய் நின்றுகொண்டார். மைக் அக்கா நேராகப் பின்னறைக்குப் போனாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி. காலை வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. கட்டில் இந்தப் பக்கம், அலமாரி அந்தப் பக்கம், ஜன்னலோரம் ஒரு நாற்காலி என்று அவள் மனசுக்குள் எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டாள். சொல்லிவிட வேண்டியதுதான் என்று திரும்பினாள்.

தம்பி பொண்டாட்டி கையில் டேப்போடு உள்ளே வந்தாள். "அண்ணி, இந்த முனைய கொஞ்சம் பிடிங்க."

பிடித்தாள். கட்டிலுக்கு அளக்கிறாள், எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டே பிடித்தாள்.

"தண்ணித் தொட்டி பக்கத்துலயே இருக்கு. மெஷினுக்குத் தண்ணி வேணும், வசதி" என்றாள் அவள், சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு.

"மெஷினா? முன்னாடி கடையிலயே வச்சுக்கலாமே."

"சத்தம் போடும் அண்ணி. வர்றவங்க பேசறது காதுல விழாது."

தம்பி வாசற்படியில் வந்து நின்றான். முகமெல்லாம் சந்தோஷம். "சூப்பர் வீடுக்கா. நாங்க ரெண்டு பேர் இருக்க இதுவே ஜாஸ்தி."

நாங்க.

மைக் அக்காவின் காது சாதாரணக் காது இல்லை. ஆயிரம் இரைச்சலுக்கு நடுவில் ஒரு ஊர்ப் பெயரைப் பிடிக்கிற காது. ஆனாலும் எதையும் இரண்டாவது தடவை கேட்டால்தான் அவளுக்கு உறுதி. வாய் தவறியிருக்கும், 'நாம' என்று சொல்ல வந்திருப்பான், இதோ திருத்திக்கொள்வான் என்று காத்திருந்தாள்.

"நாங்க வந்து செட்டிலானதும் நீ மாசம் ஒரு தடவை வந்து போக்கா" என்றான் அவன். "உனக்கென்ன, நாலாவது பிளாட்பாரம்தான."

கையிலிருந்த டேப் நழுவி, சடக்கென்று ஓடிப்போய்ச் சுருண்டுகொண்டது. தம்பி பொண்டாட்டி விரலை உதறினாள்.

"அப்ப நான் எங்க இருப்பேன்?" குரல் தன்னுடையது மாதிரியே இல்லை அவளுக்கு.

"உனக்குத்தான் இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கே. உங்க ஸ்டாண்டு பக்கத்துலயே ரெண்டு லேடீஸ் ஹாஸ்டல் விசாரிச்சு வச்சிருக்கோம். ஒண்ணுல சாப்பாடும் நல்லா இருக்காம்."

விசாரணைக் கூண்டில் இருக்கிறவளைப் பற்றியே விசாரித்து முடித்திருக்கிறார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள்.

"என்னத்த?"

"வேலைய. வேலைய எழுதிக் குடுத்துட்டேன். இந்த மாசக் கடைசி."

இரண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள். அவள் ஆசைப்பட்ட மாதிரியேதான் பிளந்தார்கள். தம்பி முகம் பேயறைந்த மாதிரி ஆனது. அவன் பொண்டாட்டிதான் முதலில் பேசினாள். பாவம், நடிப்பில்லாத நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டாள்.

"அண்ணி, நீங்களும் வர்றீங்களா?"

அதில் ஒரு துளி விஷம் இருந்திருந்தால் மைக் அக்கா சண்டை போட்டிருப்பாள். இல்லை. மூன்று மாசமாக அவளை அந்த வீட்டுக்குள் வைத்து யாரும் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை என்பது மட்டும்தான் அதில் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

"ஏன்க்கா எங்ககிட்ட சொல்லவே இல்ல?" என்றான் தம்பி. நியாயமான கேள்விதான். ஊருக்கெல்லாம் எதையும் இரண்டு தடவை சொல்கிறவள் இதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனால் நீயும்தானே கேட்கவில்லை, தடியா? வீடு யார் பணத்தில் வருகிறது என்று தெரிந்த உனக்கு, அவள் எங்கே படுப்பாள் என்று அவளிடமே ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லையா?

பிறகு தம்பி பொண்டாட்டி டேப்பை எடுத்துக்கொண்டு கூடத்துப் பக்கம் பார்த்தாள். "மடக்குக் கட்டில் ஒண்ணு ஹால்ல போட்டுடலாம். பகல்ல மடக்கிச் சுவத்தோரமா வச்சுட்டா தெரியவே தெரியாது."

"ஆமாக்கா" என்றான் தம்பி அவசரமாக. "நாம அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

வந்துவிட்டது 'நாம'. தாமதமாக வந்தது. தாமதமாக வருகிற பஸ்ஸுக்கு மைக்கில் சொல்லும் வருத்தம் அவளுக்குத் தூக்கத்தில்கூட வரும். இப்போது வரவில்லை. தெரியவே தெரியாது என்ற வார்த்தைதான் காதுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. மடக்கி வைத்தால் தெரியாமல் போகிற கட்டில். அவளுக்கு அழுகை முட்டியது. அந்தச் சதுர வெயிலைப் பார்த்துக்கொண்டே அடக்கினாள்.

மருந்துக்கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "பிடிச்சிருக்காம்மா? பத்திரம் யார் பேர்ல எழுதணும்? எத்தனை பேர் இருக்கப் போறீங்க?"

தம்பி வாயெடுத்தான். மைக் அக்கா அவனை முந்திக்கொண்டாள்.

"என் பேர்ல எழுதுங்க. நான் இருக்கப் போறேன்."

சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. இந்த வீட்டின் விலைக்கு அவள் ஒருத்தி பணமே போதும் என்பது நோட்டில் அவள் கையெழுத்திலேயே இருந்தது. அப்படியானால் வீடும் தன் ஒருத்தியுடையதுதான் என்பது ஒரு நாள்கூட அவள் கண்ணில் படவில்லை. எந்தக் கணக்குப் போட்டாலும் மூன்று பேருக்குத்தான் போட்டிருக்கிறாள். சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

மருந்துக்கடைக்காரர் தலையை அசைத்தார். நாலாவது பிளாட்பாரத்து அசைப்பு.

"அக்கா" என்றான் தம்பி. "அப்ப நாங்க?"

மைக் அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கூண்டுக்குள்ளிருந்து பேசுகிற அதே குரல், ஏற்றம் இறக்கம் இல்லாத சுத்தமான குரல், அவளுக்குத் திரும்ப வந்திருந்தது.

"முன் ரூம் சும்மாதான் இருக்கும், வேணும்னா வாடகைக்குப் பேசிக்கலாம். மத்தபடி மாசம் ஒரு தடவை வந்து போங்க. நாலாவது பிளாட்பாரம்தான."

ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். எல்லோர் காதிலும் விழுந்தது.