வைத்துக்கொள்வதா, அழிப்பதா

அமீர்பேட்டையில், வெளிநாட்டு எம்.பி.ஏ.வுக்கான ஜிமேட் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்குக் கிரிதர் அண்ணய்யாவைத் தெரியாமல் இருக்காது. முதல் தடவையிலேயே எண்ணூறுக்கு எழுநூற்று நாற்பது வாங்கியவர். வாங்கிய கையோடு அமெரிக்கா போய்த் தொலைந்திருக்கலாம். விசா கிடைக்கவில்லை. அதனால் எங்கள் பயிற்சி வகுப்பு வாசலில் இரானி டீயும் கையுமாக நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்துகொண்டிருந்தார். உபதேசங்களில் தலையாயது இதுதான். நாம் சரியாகச் சொல்லச் சொல்ல அந்தக் கம்ப்யூட்டர் கேள்வியைக் கஷ்டமாக்கிக்கொண்டே போகும். தப்பு செய்தால் இரக்கப்பட்டுச் சுலபமாக்கும். ஆகவே நடுவில் சுலபமான கேள்வி வந்தால் நாம் சறுக்கிவிட்டோம் என்று பொருள்.

"ஈஸியா வந்துச்சுன்னா மூட்டையைக் கட்டிடு தங்கச்சி. கடைசியில கேக்கும்ல, வச்சுக்கிறியா அழிச்சிடவான்னு, அப்ப யோசிக்காம அழிச்சிடு. கேவலமான மார்க்கு அஞ்சு வருஷம் உன் பின்னாடியே வரும்" என்பார்.

இப்போதெல்லாம் மார்க்கைக் காட்டிவிட்டுத்தான் கேட்கிறார்கள். அப்போது அப்படியில்லை. பரீட்சை முடிந்ததும் திரையில் இரண்டு பொத்தான்கள் வரும். மார்க் என்னவென்று தெரியாமலேயே ஒன்றை அழுத்த வேண்டும். யோசிக்க இரண்டே நிமிடம். அழித்தால் அழித்ததுதான்.

என் சித்தப்பா மகள் ப்ரவல்லிகாவுக்குக் கிரிதர் அண்ணய்யா சொன்னது வேதம். வல்லி என்னைவிட ஒரு வயது சின்னவள், என்னைவிடக் கெட்டிக்காரி. எங்கள் இருவருக்கும் சிங்கப்பூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரே மாதிரி பதில் வந்திருந்தது. காத்திருப்போர் வரிசையில் இருக்கிறீர்கள், மாதக் கடைசிக்குள் அறுநூற்றுத் தொண்ணூறுக்கு மேல் மார்க்கைக் காட்டினால் இடம் உண்டு என்று. ஒருமுறை எழுதினால் அடுத்ததற்கு ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்பது விதி. ஆக, எங்களுக்கு இந்த ஒரு தடவைதான். எனக்காவது மாதாபூரில் வேலை இருந்தது. வல்லி சங்கராந்தி முடிந்ததுமே இதற்காகப் பாங்க் வேலையை விட்டுவிட்டாள். அந்தக் கோபத்தில் உகாதிப் பச்சடியைக்கூடச் சித்தப்பா அவள் கையால் வாங்கிச் சாப்பிடவில்லை.

கணக்கு எங்களுக்குத் தூக்கத்தில்கூட வரும். உயிரை எடுத்தது இங்கிலீஷ் வாக்கியங்களைத் திருத்துவதுதான். ஒரு முழ நீளத்துக்கு ஒரு வாக்கியம். அதில் ஒரு துண்டுக்கு அடிக்கோடு. கீழே அதையே ஐந்து விதமாக எழுதியிருப்பார்கள். ஐந்தில் எது பழுதில்லாதது என்று சொல்ல வேண்டும். படிக்கப் படிக்க ஐந்தும் சரி போலவே இருக்கும். இன்னொரு முறை படித்தால் ஐந்தும் தப்பு. திமிங்கிலத்தைப் பற்றியும் பழங்காலப் பானை ஓட்டைப் பற்றியும் இவர்களுக்கு ஏன் இத்தனை அக்கறை என்று நான் பல நாள் சபித்திருக்கிறேன்.

அன்று காலை பேகம்பேட்டையில் பரீட்சை. கிளம்பும்போது அம்மாவை எதிரே வரச் சொல்லிச் சகுனம் பார்த்துக்கொண்டோம். பெசரட்டு தோசை எனக்கு இறங்கவில்லை. வல்லி மட்டும் இரண்டு சாப்பிட்டாள். மையத்தில் உள்ளங்கையைக் கருவியில் பதிய வைத்து, தலைமுடியைத் தூக்கிக் காதைப் பார்த்து, திருடிகளை அனுப்புவதுபோல் உள்ளே அனுப்பினார்கள். அவளுக்கு எனக்கு இரண்டு தடுப்பு தள்ளி இடம்.

கட்டுரை, கணக்கு எல்லாம் தாண்டி இங்கிலீஷ் வந்தது. முதல் பத்து கேள்விகள் என்னைப் பிழிந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கஷ்டமாக வருகிறது, அப்படியானால் மேலே ஏறிக்கொண்டிருக்கிறேன் என்று. ஒரு வாக்கியத்தில் எரிமலை வெடித்து, ஆறு திசைமாறி, ஊர் அழிந்து, அது ஏழு வரிக்கு ஓடியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றைத் தட்டினேன். அடுத்தது வந்தது.

ஒரே வரி. 'பெட்டியிலிருந்த சாவிகள் தொலைந்தது' என்று எழுதியிருந்தால் நாம் எதைத் திருத்துவோம்? அந்த மாதிரி ஒரு கேள்வி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். எரிமலையில் தப்பு செய்துவிட்டேன், கம்ப்யூட்டர் என்மேல் இரக்கப்பட ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். அந்தச் சனியன் பிடித்த ஒரு வரியை மூன்று நிமிடம் முறைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சுலபமாக இருக்க முடியாது, உள்ளே ஏதோ பொறி இருக்கிறது என்று தேடினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பொறியும் இல்லை, ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் கண்ணுக்குத் தெரிந்த பதிலையே தட்டினேன். பிறகு இரண்டு கஷ்டமானவை வந்தன, உயிர் திரும்பியது. மறுபடி ஒரு சுலபம். மறுபடி இன்னொன்று. கடைசி ஏழு கேள்விகளுக்கு ஐந்தே நிமிடம் மிச்சம். கண்ணில் பட்டதைத் தட்டினேன்.

தட்டி முடித்துத் தலையைத் தூக்கினால் வல்லியின் நாற்காலி காலி. அவள் எனக்கு முன்பே முடித்திருந்தாள்.

திரையில் அந்த இரண்டு பொத்தான்கள். மேலே நேரம் இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணய்யா சொன்னபடி பார்த்தால் நான் அழிக்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. சுட்டியை அதன்மேல் கொண்டுபோயும் விட்டேன். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் தெரியாது. விடியற்காலையில் எழுந்து பல் தேய்க்கும்போதுகூடத் திமிங்கில வாக்கியம் படித்தவள் நான். பெற்ற பிள்ளைக்கு மூக்கு சப்பையோ கோணலோ, முகத்தைப் பார்க்காமலேயே புதைப்பேனா? கேவலமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், நான் பார்த்தே தீருவேன் என்று மற்றதை அழுத்தினேன்.

எழுநூறு.

அதை மூன்று தடவை படித்தேன். அப்புறம்தான் அழுதேன். மார்க்குக்குச் சேராத சோதனைக் கேள்விகளை, சுலபமும் கஷ்டமுமாக, நடுவில் கலந்து வைப்போம் என்று பரீட்சைக்காரர்கள் விதிமுறையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அதை யார் படித்தோம்? வாசலில் டீ குடிக்கிறவர் சொன்னதைத்தான் படித்தோம்.

வெளியே மார்க் தாளைக் கொடுத்தார்கள். பைகள் வைக்கும் அலமாரிப் பக்கம் பெஞ்சில் வல்லி உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது.

"அழிச்சிட்டேன்கா. நடுவுல பச்சப்புள்ள கேள்வியா வந்துச்சு, அதுவும் வரிசையா மூணு. அப்பவே தெரிஞ்சு போச்சு. உனக்கு?"

நான் தாளை நீட்டினேன். வாங்கிப் பார்த்தவள் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பொறாமையே இல்லாத அணைப்பு, அதுதான் என்னைக் கொன்றது. ஒருத்தியாவது போறியே, சிங்கப்பூர்ல எனக்கும் சேத்து சுத்திட்டு வா என்று சிரித்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"உனக்குக் கடைசி வரைக்கும் கஷ்டமாத்தானே வந்துச்சு?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்குவாள். ஆனால் அடுத்த வருஷத்துக்காக மறுபடி எழுத உட்கார்ந்தால் மறுபடி அதே பொத்தானை அழுத்துவாள். நான் அந்த ஒரு நொடியில் அதைத்தான் யோசித்தேன். இப்போதும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

"இல்ல வல்லி. எனக்கும் ஈஸியா வந்துச்சு. மூணு நாலு வந்துச்சு."

அவள் கை என் தோளிலிருந்து இறங்கியது. தாளைப் பிடித்தபடியே, மார்க் தாள் கொடுக்கும் மேஜைக்கு நேரே போனாள். அங்கிருந்த அம்மாளிடம், இப்போதுதான் அழித்தேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை, திரும்ப எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். கூடப் பணம் கட்டுகிறேன் என்றாள். எழுதிக் கொடுக்கிறேன் என்றாள். வேண்டாம், என்ன மார்க் என்றாவது சொல்லுங்கள் என்றாள்.

அந்த அம்மாள் நல்லவள்தான். தினமும் இதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள்.

"அது எங்ககிட்ட இல்லம்மா. எங்களால பாக்கவே முடியாது. வீட்டுக்குப் போம்மா."

வல்லி திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். செருப்பு வாரை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பொய் சொல்லியிருக்கலாம்லக்கா" என்றாள்.

எழுநூறு என்று அச்சடித்த தாள் அவள் மடியில் கிடந்தது. அதைக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.