திங்கட்கிழமை வந்த ஃபில்டர்

ராசம்மாள் பெரியம்மாவின் பாடை தெருமுனை திரும்பிய நேரத்தில் கனிமொழிக்குப் போன் வந்தது. பார்சல்காரர். "கடை பூட்டியிருக்குங்களே. ஃபில்டர் பெட்டி ஒண்ணு வந்திருக்கு. பக்கத்து ஒர்க்‌ஷாப்புல குடுத்துட்டுப் போகட்டுமா?" என்றார். குடுத்துட்டுப் போங்க என்றாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலில் நின்ற பெண்களோடு சேர்ந்து அழுதாள். பெற்ற மகள் செம்மொழியைவிட இவளல்லவா உடைந்துபோய்விட்டாள் என்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அவர்கள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்கள். கனிமொழிக்கு அது செருப்படி மாதிரி விழுந்தது.

கனிமொழிக்குத் திருவிடைமருதூர் கடைத்தெருவில் கார், வேன், டிராக்டர் உதிரிபாகம் விற்கும் கடை. ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள். அப்பா கூலிக்கு நாற்றுக்கட்டு சுமந்தவர். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் நட்டும் போல்ட்டும் விற்கக் கிளம்பியபோது ஊரில் ஆளுக்கொரு நொட்டை சொன்னார்கள். சொல்லாத ஒருத்தி ராசம்மாள் பெரியம்மா. நடவைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, கடை திறந்த அன்று பால் காய்ச்சினாள். காலில் சேறு காயாமல் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் "எங்க வூட்டுப் பொண்ணு கடை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய கணவர் மருதையன், கனிமொழியின் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். குத்தகைக்கு மூன்று மா நிலம் பயிர் செய்கிறார். அவரிடம் ஒரு பழைய டீசல் கார் உண்டு. பேருக்குத்தான் அது அவருடையது. பிரசவ வலி, பாம்புக்கடி, கிணற்றில் விழுந்த பிள்ளை, எதுவானாலும் ஊர் அவர் வாசலில்தான் வந்து நிற்கும். அரை மணி நேரத்துக்குள் கும்பகோணம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். இத்தனை வருஷத்தில் ஒரு உயிரையும் வழியில் விட்டதில்லை என்பதில் மனிதருக்கு ஏகப்பட்ட பெருமை. நாலு பேர் கூடினால் அதைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்.

இந்தப் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஆற்றில் தண்ணீர் வந்து சேருவதற்கு முன் குறுவை நாற்றங்காலுக்கு இன்ஜின் வைத்து இறைப்பார்கள். அதற்கான டீசலைப் பேரலில் வாங்கி மாட்டுக்கொட்டகையில் போட்டு வைப்பார்கள். வீட்டில் கார் இருந்தால் காருக்கும் அதே பேரல்தான். ஒரு ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சி இறக்குவார்கள். பேரலுக்குள் மழைத்தண்ணீரும் போகும், துருவும் போகும், தவிட்டுத் தூசியும் போகும். அதெல்லாம் கார் டேங்கின் அடியில் கறுப்புச் சகதியாகப் படிந்து கிடக்கும். வண்டியும் ஏதோ ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ராசம்மாள் சாவதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, மருதையன் கடைக்கு வந்தார். "வண்டி இழுக்க மாட்டேங்குது பாப்பா. மிதிச்சா கரும்புகையா தள்ளுது. ஏதோ மருந்து இருக்காமே, டேங்குல ஊத்துறது" என்றார்.

டப்பாவில் டீசல் கிளீனர் என்று போட்டிருக்கும். நல்ல சரக்குதான், இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்டரில் படிந்த கரியைக் கரைக்கும். ஆனால் பேரல் டீசல் குடித்த டேங்கில் ஊற்றினால் அடியில் கிடக்கிற சகதியையும் சேர்த்துக் கிளப்பிவிடும். அது மொத்தமும் வந்து ஃபில்டரில் அடைக்கும். அடைத்தால் டீசல் ஏறாது, வண்டி நின்ற இடத்தில் நின்றதுதான். அதனால் இந்த மருந்தை விற்கும்போதெல்லாம் கனிமொழி ஒரு பாட்டுப் படிப்பாள். "டேங்க்க கழுவுங்க. முடியலேன்னா புது ஃபில்டரக் கையில வச்சுக்கிட்டு ஊத்துங்க. மாத்துற வரைக்கும் தூரமா எங்கயும் எடுக்காதீங்க." கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன பக்கத்து ஒர்க்‌ஷாப் உபைதுல்லா, அதை அவள் குரலிலேயே சொல்லிக் கேலி செய்வார்.

பெரியப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டிருந்தால் பாவம் பாதியாவது குறைந்திருக்கும். அவள் மறக்கவில்லை. அந்தக் காருக்கான ஃபில்டர் கடையில் இல்லை, திங்கட்கிழமைதான் வரும். ஃபில்டர் வேண்டும் என்று சொன்னால் பெரியப்பா கும்பகோணம் போவார். அங்கே புதிதாகத் திறந்திருந்த பெரிய கடையில் ஃபில்டரோடு மருந்தையும் வாங்குவார். அப்புறம் அந்தக் கடைக்கே பழகிவிடுவார். அந்த மாதத்தில் ஏற்கெனவே நாலைந்து பேர் அப்படிக் கைமாறிப் போயிருந்தார்கள். திங்கட்கிழமை பெட்டி வந்ததும் போன் போட்டுக் கூப்பிட்டால் ஆயிற்று, அதற்குள் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று நினைத்தாள். டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். "பெரியம்மாவக் கேட்டேன்னு சொல்லுங்க" என்று வேறு சொல்லி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, நாற்று பறித்துக்கொண்டிருந்த ராசம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். ஆம்புலன்சுக்குச் சொல்லவா என்று கேட்டவர்களிடம், "அது வர்ற நேரத்துக்கு நான் போய்ச் சேந்துருவேன்" என்றார் மருதையன். பின்சீட்டில் படுக்கவைத்து, துணைக்கு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஆற்றுப்பாலம் தாண்டி, இரண்டு பக்கமும் வயலைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் வண்டி இரண்டு தரம் குலுங்கி நின்றுபோயிற்று. சாவியைத் திருகித் திருகி பேட்டரியும் இறங்கிவிட்டது. அப்புறம்தான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள். அது வருவதற்குள் வந்த ஒரு பால் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது ராசம்மாளுக்கு உயிர் இல்லை.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார் டாக்டர். எல்லோரிடமும் சொல்கிற சொல்லாகக்கூட அது இருக்கலாம். மருதையன் மனசில் அது முள்ளாகத் தைத்துவிட்டது.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அவர் ஒரே விஷயத்தைச் சொன்னார். "முழுசா ஊத்தணும்னு டப்பாவுல போட்டுருந்துச்சு. நான் பாதிய அடுத்த தடவைக்குன்னு எடுத்து வச்சேன். பூச்சிமருந்துல மிச்சம் புடிக்கிற மாதிரி இதுலயும் புடிச்சேன். முழுசா ஊத்தியிருந்தா வண்டி நின்னுருக்காது. என் கையாலயே அவள அனுப்பிட்டேன்." வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாதி ஊற்றினாலும் முழுதும் ஊற்றினாலும் நடந்திருப்பது ஒன்றுதான் என்று எடுத்துச் சொல்ல அப்போது அங்கே இருந்தவர்களில் ஒருத்தியால்தான் முடியும். அவள் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

உபைதுல்லாவும் துக்கத்துக்கு வந்திருந்தார். டிராக்டரில் கட்டி இழுத்து வந்த கார் வேப்பமரத்தடியில் கிடந்தது. பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு மருதையன் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் உபைதுல்லா பார்சல் பெட்டியைக் கனிமொழியிடம் கொடுக்கும்போது மேலே எழுதியிருந்த கார் பெயரைப் படித்தார். மருதையனின் கார்.

"நீ சொல்லித்தானம்மா குடுத்த?" என்றார்.

"ஆமாண்ணே" என்றாள் கனிமொழி.

அவர் நம்பிக்கொண்டு போய்விட்டார். அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதாள். அழுது என்ன, பொய் பொய்தான்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்த மறுநாள் செம்மொழி போன் செய்தாள். "நாளைக்கு நான் முத்துப்பேட்டைக்குக் கெளம்பியாகணும் கனி. பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. அப்பா சோறே எடுக்க மாட்டேங்குறாரு. தட்டுல போட்டா பெசஞ்சு வச்சுட்டு எந்திரிச்சுடுறாரு. பாதி டப்பாவால ஒண்ணும் ஆகலன்னு நீ வந்து ஒரு வார்த்த சொல்லேன். நீ சொன்னா கேப்பாரு, படிச்ச புள்ளன்னு ஒம்மேல அப்புடி நம்பிக்கை."

கனிமொழி அன்றைக்கு மத்தியானமே கடையைப் பூட்டினாள். ஃபில்டரையும் இரண்டு ஸ்பேனரையும் ஒரு பேட்டரியையும் வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மேட்டூர் தண்ணீர் வந்து வாய்க்கால் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. சில வயல்களில் நடவு முடிந்திருந்தது. மருதையன் வயலில் மட்டும் பறித்துப் போட்ட நாற்றுமுடிகள் அப்படியே பழுத்துக் கிடந்தன. பாதி டப்பாவால் ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாமா என்று வழி நெடுக யோசித்தாள். சொல்லலாம். அவர் சோறு தின்பார். யாருக்கும் எதுவும் தெரியாது. பெரியப்பாவின் வாசலும் அவளுக்குத் திறந்தே இருக்கும்.

அவர் காருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். "வா பாப்பா" என்றார்.

"பெரியப்பா, நீங்க பாதி ஊத்துனதால வண்டி நிக்கல."

"ஆறுதலுக்குச் சொல்லாதம்மா."

"ஆறுதல் இல்ல பெரியப்பா. முழுசா ஊத்தியிருந்தா இன்னும் முன்னாடியே நின்னுருக்கும்." அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தபோது முடியவில்லை. "அந்த மருந்து ஊத்துனா டேங்குல கெடக்குற சகதி கெளம்பி வந்து ஃபில்டர அடச்சுடும். ஃபில்டர் மாத்துற வரைக்கும் தூரமா எடுக்கக்கூடாது. எல்லார்கிட்டயும் சொல்லித்தான் குடுப்பேன். ஒங்ககிட்ட சொல்லல."

"மறந்துட்டியா?"

"மறக்கல பெரியப்பா. கடையில ஃபில்டர் இல்ல. சொன்னா கும்பகோணம் கடைக்குப் போயிடுவீங்கன்னு சொல்லல. திங்கக்கிழமை வந்ததும் கூப்புடலாம்னு இருந்தேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று அவளுக்கு இருந்தது. உள்ளே செம்மொழி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது.

"வந்துச்சா?" என்று கேட்டார்.

"என்னது பெரியப்பா?"

"ஃபில்டரு."

"வந்துச்சு. திங்கக்கிழமை காலையிலயே வந்துச்சு." பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

"போடு" என்றார்.

பேனட்டைத் திறந்தாள். பழைய ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தபோது குழம்பு மாதிரி கறுப்பாக ஒழுகியது. டேங்கில் மிச்சமிருந்த டீசலை அடிச்சகதியோடு வடித்துவிட்டு, செம்மொழி கொண்டுவந்த டீசல் கேனிலிருந்து துணியில் வடிகட்டி ஊற்றினாள். புது ஃபில்டரை மாட்டி, கைப்பம்ப்பை அழுத்தி அழுத்தி டீசல் குழாயில் நின்ற காற்றை எடுத்தாள். பேட்டரியை மாற்றினாள். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்ததால் ஸ்பேனர் இரண்டு தரம் வழுக்கியது. மருதையன் உதவிக்கு எழுந்து வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

எல்லாம் முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சாவியை அவரிடம் நீட்டினாள். அவர் ஏறி உட்கார்ந்து திருகினார். ஒரே திருகலில் வண்டி கிளம்பிவிட்டது. புகை இல்லை, திணறல் இல்லை, கிண்ணென்று ஓடியது. மருதையன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ராசம்மாளுக்குத் தலைக்கு வைத்த பழம்புடவைச் சுருட்டு அப்படியே இருந்தது.

"இவ்ளோதானா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அழுதார். கருமாதியில்கூட அப்படி அழாதவர். கனிமொழி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மன்னிச்சுடுங்க என்ற வார்த்தை எந்த மூலைக்கு என்று தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் இன்ஜினை நிறுத்தினார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"நீ சொல்லியிருந்தா நான் கும்பகோணம் போயிருக்க மாட்டேன் பாப்பா" என்றார். குரலில் கோபமே இல்லை. "ஒங்கடைய வுட்டுட்டு வேற கடையில வாங்குனா ஒங்க பெரியம்மா என்னைய வூட்டுக்குள்ள வுட்டுருப்பாளா? டப்பாவ ஒடைக்காம வச்சுக்கிட்டு திங்கக்கிழமை வரைக்கும் இருந்திருப்பேன்."

அவர் இறங்கி, தடுமாறி நடந்து வீட்டுக்குள் போனார். பதினேழு நாளாகச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்தவர், செம்மொழியிடம் சாப்பாடு போடச் சொன்னது வெளியே கேட்டது.

"கனிக்கும் ஒரு தட்டு வை" என்றார்.

கனிமொழி கையெல்லாம் டீசலும் சகதியுமாக வேப்பமரத்தடியில் நின்றாள். செம்மொழி வாசலுக்கு வந்து அவளைப் பார்த்தாள். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. திரும்பிப் போய்த் தட்டை மட்டும் வைத்தாள்.