ஓடும் பெல்ட்டுக்கு ஒரு மாலை

கிருஷ்ணமூர்த்தி அரியலூருக்குக் கிளம்பினால், சிமெண்ட் லாரி மறிக்கும், ரயில்வே கேட் மூடும் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்னதாகவே கிளம்பிவிடுவார். வழியில் ஆகக்கூடிய தாமதமெல்லாம் மனுஷனுக்கு அத்துப்படி. தன் பெரம்பலூர் கம்பெனியில் எழுதும் புரோகிராமுக்கு மட்டும் அந்தக் கவலை கிடையாது. ஓட்டிப் பார்த்தோம், ஓடியது, முடிந்தது கதை.

இந்த முறை எழுதியது அரியலூரில் சுண்ணாம்புக்கல் உடைக்கும் யார்டுக்கு. கல்லைச் சுமந்து ஓடும் பெல்ட்டில் கை சிக்கினால் பக்கத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். எலும்பு நொறுங்குமுன் புரோகிராம் பெல்ட்டை நிறுத்தியாக வேண்டும். அங்கே தினமும் நிற்கப்போகிறவர் செல்லதுரை.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ்ஸில் கம்பெனிக்கு வந்துபோகும் ஃபர்ஹா, புரோகிராமை ஓட்டாமலே அது போகக்கூடிய வழிகளையெல்லாம் அலசி, ஆக மோசமான வழிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்லும் மென்பொருளிடம் அதைக் கொடுத்தாள். பெல்ட்டில் பொருத்திய எல்லா சென்சாரும் ஒரே நேரத்தில் கத்தினால் பெல்ட் தாமதமாகத்தான் நிற்கும் என்று அது சிவப்பில் காட்டியது.

"ஏம்மா, நம்ம டெஸ்ட் டேபிள்ல ஒரு தடவையாவது லேட்டாச்சா?" என்றார் கிருஷ்ணமூர்த்தி.

"டேபிள்ல ரெண்டு சென்சார்தான் சார் இருக்கு. அங்க பெல்ட் நீளத்துக்கும் இருக்கு."

"சென்சார் எத்தனைன்னு அது உன்னைத்தானே கேக்குது? ரெண்டுன்னே போடு. பச்சையாயிடும்."

அடேயப்பா, என்ன மூளை! காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டரை ஐஸில் வைத்துப் பார்க்கும் வைத்தியம். ஃபர்ஹாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட மாட்டேன் என்றாள். அவரே போட்டார். பச்சையானது.

யார்டில் பூஜை. சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், எதிலும் குறை வைக்கவில்லை. பெல்ட்டை ஓடவிட்டுத்தான் அதன் சட்டத்தில் மாலை போடுவார்கள், அது அங்கத்து வழக்கம். மாலையோடு போன கிருஷ்ணமூர்த்தி, சுழலும் உருளையைப் பார்த்ததும் நின்றார்.

"நிறுத்திட்டுப் போடலாமே?"

"ஓடட்டும் சார்," என்றாள் ஃபர்ஹா. "கை சிக்குனா நான் கயித்த இழுக்குறேன். உங்க கணக்குப்படி நின்னுடும்ல?"

கிருஷ்ணமூர்த்தி சிரித்தார். மாலையைச் செல்லதுரையிடம் நீட்டினார். "நீ போடுப்பா. நீ வேலை பாக்கப்போற மெஷின்."

செல்லதுரை மாலையை வாங்கவில்லை. மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மேடம் சரின்னு சொல்லட்டும் மொதலாளி," என்றார் யார்டு முதலாளியிடம். "அப்புறம் ஃபியூஸத் தரேன்."

அன்றே ஃபர்ஹாவுக்கு வேலை போயிற்று. பெல்ட் இன்னும் ஓடவில்லை.